கையில் பிடித்த பீங்கான்

காலை ஏழு ஐம்பதுக்குச் செய்தி வந்தது. 2006 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். ஏழரைக்குக் கேட்க வேண்டிய கணவரின் மொபெட் சத்தம் கேட்காததால், நான் முன்பே தெருவில் வந்து நின்றிருந்தேன். என் கணவரோடு சூளையில் வேலை செய்யும் மாயவன், சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "அண்ணி" என்றார். பெண்ணாடம் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

என் கணவர் கொளஞ்சிநாதன் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பேக்டரியில் பதினோரு வருடம் இரவுச் சூளை பார்த்தவர். ஃபியூஸுக்கான பீங்கான் கட்டைகள் அங்கே வேகும். சூளைத் துவாரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்து, சரியான பதத்தில் தீயைக் குறைக்க வேண்டும். கண் அசந்தால் சரக்கெல்லாம் கோணிவிடும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பீங்கான் கட்டையைக் கையில் பிடித்துத் தொங்கவிட்டிருப்பார். தூங்கினால் பிடி தளர்ந்து கட்டை கீழே விழும். அது உடைகிற சத்தத்தில் விழித்துக்கொள்வார்.

"அண்ணன் ராத்திரி எத்தினி தடவ தூங்கினாருன்னு எங்களத்தான் கேக்கணும் அண்ணி. காலையில கூட்டி அள்றது நாங்கதான" என்பார் மாயவன்.

"அள்ளுடா. ஒரு சரக்காவது கோணிச்சா?" என்பார் இவர்.

பகலிலும் அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. ஜன்னல் வெயில் நேராகக் கட்டிலில் விழும். மூன்று மணி நேரத்தில் எழுந்துவிடுவார்.

மார்கழியில் ஒருநாள் சாப்பிடும்போது, சோற்றுக்கை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. கண் திறந்திருந்தது. கூப்பிட்டேன். சில நொடி கழித்துத்தான், "என்ன அப்பிடி பாக்குற?" என்றார். கை நின்றது அவருக்குத் தெரியவேயில்லை.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "கண்ணத் தொறந்துகிட்டே தூங்குறீங்க. சில செகண்டுதான். வண்டியில அது போதும்" என்றார். லீவு நாளிலும் ஒரே நேரத்தில் படுக்க வேண்டும், அறை இருட்டாக இருக்க வேண்டும், விடியற்காலை டீ கூடாது. ஷிப்டு முடிந்ததும் பேக்டரியிலேயே இருபது நிமிடம் படுத்து எழுந்துதான் வண்டியை எடுக்க வேண்டும்.

மற்றதற்கெல்லாம் தலையாட்டினார். கடைசிக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அங்கியே படுத்தா, ராத்திரியும் இப்பிடித்தான் படுத்திருப்பான்னு பேசுவாங்க. நீ வூட்ட இருட்டாக்கு, வந்து தூங்கறேன்."

"வழியில கண்ணு சொக்கினா?"

"கட்டை பாக்கெட்டுல இருக்குது" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து தினமும் ஏழு மணியானால் காது வாசல் பக்கமே இருக்கும். மொபெட் வாசலில் நின்ற பிறகுதான் வேறு வேலை பார்ப்பேன்.

செய்தி வந்த அன்று காலை, பெண்ணாடம் ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஓரமாக நின்றிருந்திருக்கிறது. நேராகப் போய் மோதியிருக்கிறார். பிரேக் போட்ட தடம்கூட ரோட்டில் இல்லையாம். ஆஸ்பத்திரியில் அவருடைய சட்டையை என்னிடம் கொடுத்தார்கள். பாக்கெட்டில் பீங்கான் கட்டை உடையாமல் இருந்தது.

அறையை இருட்டாக்க ஜன்னலுக்கு வாங்கிய கறுப்புத் துணியில் மூன்று பக்கம் முன்பே மடித்துத் தைத்திருந்தேன். கம்பி நுழைக்கும் மேல் பக்கம் இன்னும் தைக்கவில்லை.