படத்துக்குக் கீழே இருந்த வரி

எங்கள் வீட்டில் பேப்பர் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். கவரைப்பேட்டை பக்கத்தில் எங்கள் தெருவில் அம்மா இதைச் சொல்லாத ஆள் கிடையாது. தண்ணீர் லாரிக்காரருக்குக்கூடத் தெரியும். அப்போது நான் ஆறாம் வகுப்பு. அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்கு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை விட்டு வரும்போது டீக்கடையில் பேப்பரைக் கேட்டு வாங்கி வருவார். அம்மா குழம்பு கூட்ட, நான் உரக்கப் படிப்பேன்.

அம்மா சும்மா கேட்க மாட்டார். 'மர்ம நபர்' என்று வந்தால் எழுந்துபோய்க் கதவைத் தாழிடுவார். 'மூதாட்டி கண்ணீர்' என்றால் அவரும் மூக்கை உறிஞ்சுவார். ஒருநாள் எங்கோ தெற்கே 'கும்பல் ரகளை' என்று படித்தேன். எதற்காக ரகளை என்று பேப்பரில் போடவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

"வேல வெட்டி இல்லாதவனுங்க. புட்ச்சி உள்ள போடணும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் புளியைக் கரைத்தார்.

அந்த மாதமே அப்பாவின் ஆலையில் உருகிய இரும்பு தெறித்து ஒருவருக்குக் கை வெந்துபோனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆலையில் வண்டி இல்லை. சரக்கு ஆட்டோவில் படுக்க வைத்துத்தான் கொண்டுபோனார்கள். மறுநாள் தொழிலாளர்கள் ஆம்புலன்ஸ் கேட்டு ஆலை வாசலில், ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்த அப்பா, நடுவில் ஒரு பள்ளிக்கூட வேன் மாட்டிக்கொண்டதையும், தான் எழுந்து நின்று கத்தி, கையைக் காட்டி அதற்கு வழிவிடச் செய்ததையும் மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் சாயங்காலம் சித்தப்பா ஒரு பேப்பரைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். படத்தில் அப்பா. கை ஓங்கியிருந்தது, வாய் திறந்திருந்தது.

"அண்ணி, இங்க பாரு! அண்ணன் பேப்பர்ல வந்துகீறாரு! ஈரோ மாரி!"

"வாயி மட்டும் அப்டியே கீது. ஊட்லயும் இப்டித்தான் தொறப்பாரு" என்றார் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. சித்தப்பாவுக்குச் சோழவரத்தில் பெண் பேசியிருந்தார்கள். "நாளைக்கே எத்துகினு போய்ப் பொண்ணு ஊட்ல காட்றேன். அங்க எல்லாம் படிச்சவங்க" என்று குதித்தார். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய அப்பா கை கால் கழுவிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார்.

"படி நைனா. சத்தமா."

தலைப்பைப் பார்த்தேன். 'ஆலை வாசலில் கும்பல் ரகளை. பொதுமக்கள் அவதி.' படத்துக்குக் கீழே, 'வாகனங்களை மறித்து அட்டகாசம் செய்த ஆசாமி' என்று இருந்தது. ஆம்புலன்ஸ் என்ற சொல்லைத் தேடினேன். கடைசி வரியில்கூட இல்லை. புட்ச்சி உள்ள போடணும் என்ற அம்மாவின் குரல் மட்டும் காதுக்குள் கேட்டது. நிமிர்ந்தால், அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா முழிக்கிற? இஸ்கூல்ல பெஞ்சு தேச்சதுதான் மிச்சமா?" என்றார் சித்தப்பா.

நான் படித்தேன். 'ஆலை வாசலில் தொழிலாளர்கள் அறப்போராட்டம். காயம்பட்ட தோழருக்காக ஆம்புலன்ஸ் கேட்டனர்.' அறப்போராட்டம் என்பது உப்புக் காய்ச்சிய பாடத்தில் வரும் சொல். அதைச் சொன்னதும் தைரியம் வந்துவிட்டது. படத்துக்குக் கீழே போனேன். 'பள்ளிப் பிள்ளைகளின் வேனுக்கு வழி ஏற்படுத்தித் தரும் தொழிலாளி.'

"இத எயுதுன புள்ள நல்லா இருக்கணும்" என்றார் அம்மா.

சித்தப்பா பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வைக்கப் போனார். சோழவரத்தில் உண்மையாகவே படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் அப்பா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"இது இங்கயே இர்க்கட்டும்."

"இன்னாண்ணா நீ, ஒரு நாளு!"

"இர்க்கட்டும்னேன்ல."

தம்பி கேட்டு அப்பா எதையும் மறுத்து நான் பார்த்ததில்லை. தப்பித்தோம் என்ற நிம்மதியில் நான் காரணத்தை யோசிக்கவில்லை.

போன வருடம் எனக்கு வேலை கிடைத்தபோதுதான் அம்மா சொன்னார். அந்தப் பேப்பர் வந்த அன்று காலையிலேயே கம்பெனி பஸ்ஸில் ஒருவர் அந்தச் செய்தியை வரி விடாமல், 'ஆசாமி' வரைக்கும், எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டுதான் அப்பா வேலைக்குப் போயிருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் வீடு திரும்பி, என்னைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

அன்று தெரு கலைந்து போனதும் அவர் பேப்பரை மறுபடி என் மடியில் விரித்தார்.

"போட்டோக்குக் கீய இன்னா போட்டுகீறான்? இன்னொருவாட்டி படி."

ஆலை இரைச்சலில் அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். முதல் தடவை சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாகப் படித்தேன்.