அலுவலகத்தில் குடித்த காப்பி

கல்யாணமாகி ஆறாவது வருடம் கர்ப்பமானேன். ஒரு நாளைக்கு ஒரு காப்பி குடித்தால் பரவாயில்லை என்றுதான் டாக்டரம்மா சொன்னார். ஐந்து காப்பி குடித்துப் பழகியவள் நான். ஒன்றுகூட வேண்டாம் என்று நானாகத்தான் முடிவு செய்தேன். அத்தனை வருடம் காத்திருந்தவளுக்கு அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. "உனக்கில்லாத காப்பி எனக்கும் வேண்டாம், கேட்டியா" என்று என் கணவரும் விட்டுவிட்டார். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் விடிவதற்குள்ளேயே வீட்டுக்கு வீடு டிகாக்ஷன் மணக்கும். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சீரக வெந்நீர் குடித்தோம். அவர் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்துச் சிரிப்பேன்.

பத்தாவது வாரம் அலுவலகத்தில் ஒரு மீட்டிங் மதியம்வரை இழுத்தது. கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. தட்டில் காப்பி வந்தது. ஒரு வாய் போதும் என்றுதான் எடுத்தேன். கடைசிச் சொட்டுவரை ருசித்துக் குடித்தேன். வீட்டில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை.

எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது டாக்டரம்மா தனியாக வந்தார். அந்தக் காப்பியைப் பற்றிக் கேட்டேன். மலையாளியான அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மோளே, ஒரு காப்பி குடிச்சா ஒண்ணும் இப்படி வராது. வளர்ச்சி அதுக்கு முன்னாடியே நின்னிருக்கு. நீ ஒரு தப்பும் செய்யலை."

தலையாட்டினேன். அவர் சொன்னது புரிந்தது. ஆனாலும் படுத்தால் அந்த ருசிதான் நாக்கில் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்த மறுவாரம் ஒரு காலை, கணவர் டம்ளரில் காப்பியோடு வந்தார். "இனிமே எதுக்கு விரதம்? சூடா குடி." என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் ரெண்டாம் நாளே ஆபீஸ்ல தொடங்கியாச்சு. தினமும் மூணு. உன்கிட்ட சொல்ல நாணக்கேடா இருந்தது. நீ ஒண்ணே ஒண்ணு குடிச்சதுக்கா இத்தனை அழறே?" என்றார்.

என் பாரத்தைக் குறைக்கத்தான் சொன்னார். எனக்கு அது இன்று தெரிகிறது. அன்று, "உங்க வயத்துலயா இருந்தது?" என்று கத்தினேன்.

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு அவர் விம்முவது கேட்டது. எழுந்து போயிருக்கலாம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மூன்று வருடமாகிறது. பிறகு கரு நிற்கவே இல்லை. நான் காப்பியைத் தொடுவதில்லை. கேட்பவர்களிடம் அசிடிட்டி என்கிறேன். என்னைவிட அதிகமாக அந்தக் குழந்தைக்கு ஆசைப்பட்டவர் அவர்தான். அன்று சொன்ன வார்த்தைக்கு அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.