நான் பிரான்ஸ் தேசிய அணியின் பயிற்சியாளர் அல்ல

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிரான்ஸ் தேசிய பேஸ்போல் அணியின் பயிற்சியாளர் அல்ல. ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. இருக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. ஆனால் பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் இன்றைக்கும் சிலர் என்னை அப்படித்தான் அறிமுகம் செய்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாரிஸுக்கு வடக்கே ஒரு நகரசபை மைதானத்தில் நான் காவலாளி. கதவு திறப்பது, கோடு போடுவது, உடைமாற்றும் அறைகளைக் கழுவுவது எல்லாம் என் வேலை. வீடு பியர்ஃபித்தில். ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஒரு பல்கலைக்கழகத்தின் பேஸ்போல் அணி, செவ்வாயும் வியாழனும் அந்த மைதானத்துக்குப் பயிற்சிக்கு வரத் தொடங்கியது. பயிற்சியாளர் என்று ஒருவர் இருந்தார். பாதி நாள் வரமாட்டார். மாணவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கு ஆள் பந்தை எறிந்துகொண்டு நிற்பார்கள்.

நான் இலங்கையில் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவன். தடித்த மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டம் சுற்றி ஓடுகிற விளையாட்டு. பந்து தரையோடு வந்தால் எப்படிக் குனிய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காமல் மட்டையை வாங்கி, ஒவ்வொருவருக்கும் தரைப்பந்து அடித்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை என்னையும் ஆட்டத்தில் சேர்த்தார்கள். நான் ஓடுகிறவனின் முதுகைக் குறிபார்த்து எறிந்தேன். எல்லேயில் அப்படித்தான் ஆளை வெளியேற்றுவோம். பேஸ்போலில் அப்படி எறியக்கூடாது என்று எனக்கு யார் சொன்னது? அடிபட்டவன் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே விதிப்புத்தகம் தேடினேன்.

பழைய பயிற்சியாளர் பிறகு வராமலே விட்டுவிட்டார். அதிலிருந்து எட்டு வருடம் அந்த அணியை நடத்தியது நான். யார் எங்கே நிற்பது, யார் முதலில் அடிப்பது, எறிகிறவனின் தோள் நோகத் தொடங்கினால் எத்தனையாவது பந்தில் நிறுத்துவது, தோற்றுவிட்டு வரும்போது பேருந்தில் என்ன கதைப்பது, எல்லாம் நான்தான். பல்கலைக்கழகத்தின் தாளில் மட்டும் நான் உதவியாளர். தலைமைப் பயிற்சியாளர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். ஆளே இல்லாத ஒரு பதவிக்கு நான் எட்டு வருடம் உதவி செய்திருக்கிறேன்.

ஒவ்வொரு செப்டெம்பரும் கேட்டேன். 'உங்களிடம் தீப்ளோம் இல்லை' என்றார்கள். சரி என்று அந்தச் சான்றிதழுக்கும் படித்தேன். நாற்பத்தேழு வயதில், என் மகளைவிட இளையவர்களோடு ஒரே வாங்கில் இருந்து பிரெஞ்சில் பரீட்சை எழுதினேன். முதல்முறை தவறிவிட்டது. இரண்டாம்முறை எடுத்துவிட்டேன். இந்த மே மாதம், 'இனி ஒரு தடையும் இல்லை, ஜூன் கடைசியில் ஒரு நேர்முகம், அது வெறும் சம்பிரதாயம்' என்றார்கள்.

அந்தச் செய்தி லா சப்பலுக்கு எப்படிப் போனதோ தெரியாது. என் மனைவி சொல்லியிருக்க வேண்டும். எட்டு வருடம் அங்கே எனக்குக் கிடைத்ததெல்லாம் நக்கல்தான். மட்டைப் பையோடு மெத்ரோவால் இறங்கினால், "என்ன அண்ணை, ஆரை அடிக்கப் போறியள்?" என்பார்கள். "கிரிக்கெட் தெரியாத சனத்துக்கு அண்ணை எதையோ காட்டிப் பேய்க்காட்டுறார்" என்று முடிவெட்டுகிற கடையில் ஒருவர் சொல்ல, கத்திரிக்கோலை நிறுத்திவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். அதே ஆட்கள் இப்போது எனக்குப் பாராட்டு விழா வைக்க வந்தார்கள்.

வந்தவர் ஒரு சங்கத்தின் செயலாளர். லா சப்பலில் அச்சுக்கடை வைத்திருக்கிறார். கலியாண அட்டை, மரண அறிவித்தல், பதாகை எல்லாம் அங்கேதான்.

"எனக்கு இன்னும் வேலை தரேல்லை. இப்ப ஒண்டும் வேண்டாம்" என்றேன்.

"தந்த மாதிரித்தானே அண்ணை. மண்டபமும் எடுத்தாச்சு. நீங்கள் வந்து நிண்டாக் காணும்."

மண்டபம் எபினேயில். போனேன். மங்கள விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை என்று எல்லாம் வழமைபோல நடந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு பதாகை. அதில் என் படம். நான் ஒருநாளும் போட்டிராத நீலச் சட்டையை என் கழுத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். படத்தின் கீழே 'பிரான்ஸ் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர்' என்று தமிழில் இருந்தது. அதன் கீழே அதே வரி பிரெஞ்சில்.

செயலாளரின் கையைப் பிடித்து இழுத்தேன். "உதென்ன எழுதிக் கிடக்கு?"

"பல்கலைக்கழகம் எண்டாச் சனம் பெரிசா எடுக்காது அண்ணை. பிரான்ஸ் எண்டாத்தான் கைதட்டுவினம்."

"பிரெஞ்சிலையும் கிடக்கே!"

"அது அழகுக்கு."

அழகுக்கு. அந்த இடத்திலேயே ஒலிவாங்கியைப் பிடுங்கி, இது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மண்டபம் நிறையச் சனம். முன்வரிசையில் என் மனைவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னாடை போர்த்தினார்கள். ஒருவர் பேசும்போது என்னை ஒலிம்பிக் வரைக்கும் கொண்டுபோனார். நான் குனிந்துகொண்டு இருந்தேன். அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு நன்றாகவும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். எட்டு வருடத்தில் யாரும் எனக்காகக் கைதட்டியதில்லை.

படம் அன்றைக்கே சங்கத்தின் முகநூல் பக்கத்தில் ஏறிவிட்டது. அழகுக்குப் போட்ட பிரெஞ்சு வரி தெளிவாகத் தெரிந்தது.

நேர்முகத்தில் இரண்டு பேர். விளையாட்டுப் பிரிவின் பொறுப்பாளர், என்னை முதலிலிருந்தே தெரிந்த பெண். பக்கத்தில் நிர்வாகத்திலிருந்து வந்த ஒரு ஆள். என் தீப்ளோமை மேசையில் வைத்தேன். அதை அவர்கள் தொடவில்லை. அந்தப் பெண் கணினியை என் பக்கம் திருப்பினார். அந்தப் பதாகைப் படம். யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

"இதை நீங்கள் எழுதவில்லை என்று நம்புகிறேன்" என்றார். "ஆனால் இதன் முன்னால் நிற்பது நீங்கள். அந்த வரியை வாசித்தீர்களா?"

"வாசித்தேன்."

"பிறகு ஏன் திருத்தவில்லை?"

என்னவென்று சொல்வது? எங்கள் மேடையில் கடைக்காரர் வள்ளல் ஆவார், வாய்ப்பாட்டு வகுப்பு நடத்துகிறவர் உலகப் புகழ் பெறுவார். கேட்கிற எல்லோருக்கும் அதில் பத்தில் ஒன்றை எடுத்தால் போதும் என்று தெரியும். மாலை போட்டவனை மேடையில் வைத்து மறுத்துப் பேசினால் அது அவமரியாதை. இவ்வளவையும் சொல்ல என் பிரெஞ்சு போதாது. "அது எங்கள் வழக்கம்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஆள் அதைக் குறித்துக்கொண்டார். பொய் சொல்வது எங்கள் வழக்கம் என்று நானே வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

நேராக லா சப்பலுக்குப் போனேன். செயலாளர் ஒரு பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு கடிதம் தா. பிழை சங்கத்தின்ரை எண்டு ரெண்டு வரி."

"பிழை எண்டு எழுதேலாது அண்ணை. சங்கத்தின்ரை மானம் போயிடும். தலைவர் கையெழுத்து வையார்."

"என்ரை மானம்?"

"உங்களுக்கு என்ன குறை அண்ணை? பொன்னாடை போத்தினனாங்கள்தானே."

கடையில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். நான் கத்தத் தொடங்கியதும் அவர் பயந்து, 'இருங்கோ, செய்து தாறன்' என்று கணினியில் ஏதோ தட்டி, பளபளக்கிற தாளில் எடுத்துத் தந்தார். 'ஐரோப்பாவின் தலைசிறந்த பயிற்சியாளராகிய இவர்' என்று தொடங்கியது.

"ஐரோப்பாவோ?"

"அப்பத்தான் அண்ணை அவங்கள் பயப்பிடுவாங்கள்."

அந்தத் தாளை அவருடைய மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். கார் து நோர் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பல்கலைக்கழகத்துக்கு நானே எழுதினேன். நான் தேசிய அணியின் பயிற்சியாளர் அல்ல. அப்படிச் சொன்னதும் இல்லை. உங்கள் அணியை எட்டு வருடம் நடத்தியிருக்கிறேன், மாணவர்களைக் கேளுங்கள். இவ்வளவுதான். மகள் எழுத்துப்பிழை திருத்தித் தந்தாள். அனுப்பினேன்.

ஜூலையில் கூப்பிட்டார்கள். தலைமைப் பயிற்சியாளராக வெளியிலிருந்து ஒரு இளைஞரை எடுத்திருக்கிறார்களாம். நல்லவராம். எனக்கு வழமைபோல உதவியாளர் தாள்.

"நீங்கள் இல்லாமல் இந்த அணி இல்லை" என்றார் அந்தப் பெண். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அதை இந்தத் தாளில் எழுதுங்கள்" என்றேன்.

"அது முடியாது. நம்பிக்கை சம்பந்தப்பட்ட விடயம்."

நம்பிக்கை! மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் வாய்மூடி இருந்தது என் பிழை. அதை மறைக்கவில்லை, கேட்டவுடன் ஒப்புக்கொண்டேன். எட்டு வருடமாக ஒவ்வொரு செப்டெம்பரும் இவர்கள் தாளில் போட்ட கோடு என்ன? நான் செய்த வேலையை யாரும் செய்யவில்லை என்று எழுதியது பொய் இல்லையா? அதற்கு யார் நேர்முகம் வைத்தார்கள்? எங்கள் ஆட்கள் என்னை இல்லாத இடத்துக்கு ஏற்றினார்கள். இவர்கள் இருந்த இடத்திலிருந்தே அழித்தார்கள். முதலாவது முகநூலில் இருந்தபடியால் குற்றம். இரண்டாவது அலுமாரிக் கோப்பில் இருந்தபடியால் நிர்வாகம்.

பேனாவை எடுத்து, 'உதவி' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். "இப்படித் திருத்தினால் செல்லாது" என்றார். "தெரியும்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

புதிய தாள் இரண்டு முறை தபாலில் வந்துவிட்டது. கையெழுத்துப் போடவில்லை. மனைவி, "விடுங்கோ, எட்டு வருசம் காணும்" என்கிறாள். அணித்தலைவன் நேற்றும் தொலைபேசி எடுத்தான். புதியவருக்கு யாருடைய தோள் எவ்வளவு தாங்கும் என்று தெரியாதாம், பட்டியலைத் தர முடியுமா என்று கேட்டான். தோள் நோகிற இரண்டு பேரின் கணக்கை மட்டும் சொன்னேன். அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. மற்றதற்கு, பல்கலைக்கழகத்தில் போய்த் தலைமைப் பயிற்சியாளரைக் கேள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.