டாக்டர் சொன்ன அந்தக் கொஞ்சம்

உலகத்திலேயே நடுத்தரமாகக் கார் ஓட்டுவதில் என் சித்தப்பாவை மிஞ்ச ஆள் பிறக்கவில்லை. பூமி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்றுகூட அவரைக் கேட்டுத்தான் முடிவு பண்ணியிருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பாதியிலேயே பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது, அதனால் இதில் தப்பிருந்தால் விட்டுவிடுங்கள்.

விரைவுச்சாலை அலுவலகத்தில் அவருக்கு வேலை. சாலை எத்தனை வண்டியைத் தாங்கும், அதில் போகிறவன் நிம்மதியாகப் போகிறானா என்று அளந்து தரம் போடுவார். முதல் தரம் என்றால் பறக்கலாம். கடைசித் தரம் என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு, பக்கத்துக் கார்க்காரர் மூக்கு நோண்டுவதை வேடிக்கை பார்க்கலாம். அளப்பதற்கு அவரும் கூட்டத்தோடு ஓட்ட வேண்டும். மூன்று வண்டி அவரை முந்தினால் அவரும் மூன்றை முந்துவார். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அப்போதுதான் சாலையின் சராசரி வேகம் கிடைக்குமாம்.

லீவு நாளிலும் அந்தப் பழக்கம் விடாது. "உங்களை நம்பிக் கல்யாணத்துக்குக் கிளம்பினா, குழந்தைக்குப் பேர் வைக்கும்போதுதான் போய் நிப்போம்" என்பாள் சித்தி.

சித்திக்கு நெஞ்சு வலித்த மத்தியானம் நானும் பின் சீட்டில் இருந்தேன். ஒரு லாரி எங்களை முந்தியது. சித்தப்பா ஒரு பஸ்ஸை முந்தினார். ஒரு வேன் முந்தியது. அவர் ஒரு காரை முந்தினார். சித்தி கண்ணைத் திறந்து, "இன்னைக்குமாங்க?" என்றாள். திடுக்கிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அதற்குள் ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியே வந்துவிட்டது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அளப்பதே பிழைப்பாக இருக்கிற மனுஷனிடம் சொல்கிற வார்த்தையா அது? சித்தி போனதிலிருந்து சித்தப்பா சரியாகத் தூங்கவே இல்லை.

போன வாரம் என் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார். அதே வீட்டு வாசல், அதே மத்தியானம், அதே சாலை.

"இன்னைக்கு ஒருத்தனையும் முந்த விடமாட்டேன். எவ்வளவு மிச்சமாகியிருக்கும்னு பாத்துடலாம்."

ஓட்டினார் பாருங்கள், ஒரு கையில் ஸ்டாப்வாட்சும் மறு கையில் உயிருமாக உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, "எவ்வளவுடா?" என்றார்.

காட்டினேன். அன்றைக்கு ஆன நேரம் அவருக்கு மனப்பாடம்; அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

"பாத்தீங்களா சித்தப்பா, பறந்திருந்தாலும் இவ்வளவுதான். இதெல்லாம் ஒரு நேரமா?"

இன்ஜினை அணைத்துவிட்டுச் சீட்டில் சாய்ந்தார். அப்பாடா, நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"டேய்."

"என்ன சித்தப்பா?"

"நீ பட்டனை அமுக்கின சத்தம் கேட்டப்போ நான் வீட்டுக் கதவையே இன்னும் பூட்டல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மூக்கைத் துடை" என்றார்.