கடைசி வரியில் இருந்த பேர்

என் சின்ன தாத்தா ஜெயிலுக்குப் போனவர். திருடிவிட்டு இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கடலூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். அதில் வந்தது சர்க்காருக்குப் பிடிக்கவில்லை. ஒன்பது மாதம் உள்ளே வைத்தார்கள். எங்கள் வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதற்கு மேல் சொல்ல ஆள் இல்லை.

எனக்கு விவரம் தெரிந்தபோது அவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வாட்ச்மேன். அந்தப் பத்திரிகையின் ஒரு தாளைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கடைசிப் பக்கம், கடைசி வரி, பொடி எழுத்து. ஆசிரியர் என்று போட்டு அவர் பேர் இருந்தது. அந்த இடத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவார். அன்றாடப் பேப்பரை நான்தான் அவருக்குப் படித்துச் சொல்வேன். கண் மங்கிவிட்டது என்பார். நம்பினேன். எல்லோரும் நம்பினோம்.

ஆறாவது படிக்கும்போது வகுப்பில் பீற்றிக்கொண்டேன். எங்க தாத்தா பத்திரிகையில எழுதி ஜெயிலுக்குப் போனவரு என்று. அது ஹெட்மாஸ்டர் காதுக்குப் போனது. சுதந்திர தினத்துக்கு அவரை அழைத்து வரச் சொன்னார். தாளையும் கொண்டுவர வேண்டும் என்றார். தாத்தா முடியாது என்றார். ஒரு வேளை சாப்பிடாமல் கிடந்தேன். சரி என்றார்.

மேடையில் சேர்மன், தாசில்தார், தாத்தா. ஆளுக்கு ஒரு பீங்கான் யானை கொடுத்தார்கள். தாத்தா அதை மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் ஹெட்மாஸ்டர் மைக்கை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஐயா எழுதுனதை ஐயா வாயாலயே கேட்டுடுவோம்."

"கண்ணு தெரியலீங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில்தான் வீடு. ஓடினேன். அத்தை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்கிலிருந்த கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு திரும்ப ஓடினேன். மேடை ஏறி அவர் கையில் கொடுத்தேன். பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

போட்டுக்கொண்டார்.

"இது பொம்பளைங்க கண்ணாடி. சேரலீங்க."

சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் தன் கண்ணாடியைக் கழற்றினார். "இதைப் போடுங்க, பளிச்சுன்னு தெரியும்."

"அதுவும் சேரலைன்னா என்னுது இருக்குது" என்றார் தாசில்தார்.

தாத்தா ஹெட்மாஸ்டரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை விரித்தார். ஒரு நிமிஷம் போனது. இன்னொன்றும் போனது. பின்வரிசையில் ஒருவன், "அனா ஆவன்னாவுல ஆரம்பி தாத்தா!" என்று கத்தினான். பள்ளிக்கூடமே சிரித்தது.

ஹெட்மாஸ்டர் முகம் மாறிவிட்டது. பெரிய மனிதர்கள் முன்னால் அவமானம். மேடை ஓரம் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் பொய்யா? என்கிட்டயே கதை வுட்டியா? நீட்டு கைய."

டிரில் மாஸ்டர் பிரம்போடு ஏறி வந்தார். நீட்டினேன். பிரம்பு மேலே போனது.

"வுட்டுடுங்க."

தாத்தா எழுந்துவிட்டார். யானை மடியிலிருந்து விழுந்து உடைந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"புள்ள பொய் சொல்லலீங்க. எனக்குத்தான் படிக்கத் தெரியாது."

மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. இன்றைக்கு எனக்கு ஐம்பத்தாறு வயது. எவ்வளவோ பார்த்துவிட்டேன். அப்படி ஒரு அடி பிறகு விழவில்லை.

"ஆசிரியருன்னு உங்க பேரு போட்டிருக்குதே?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"கோர்ட்டுலயும் அப்படித்தாங்க எழுதியிருக்குது."

நின்றபடியே சொன்னார். அச்சாபீஸில் மிஷின் சக்கரம் சுற்றுவதுதான் அவர் வேலை. ஆசிரியர் என்று யார் பேராவது போட்டு, சர்க்காரிடம் கையெழுத்து வைத்தால்தான் பத்திரிகை வரும். பேர் போட்டவரைப் போலீஸ் பிடித்துப் போகும். நான்கு பேர் போய்விட்டார்கள். மிச்சம், எழுதுகிறவர் ஒருவர்தான். அவரும் போனால் பத்திரிகை நின்றுவிடும். என் பேரைப் போட்டுக்குங்க என்று இவர் சொன்னார். கையெழுத்தை மட்டும் படம் வரைகிற மாதிரி பழக்கிவிட்டார்கள்.

"புடிச்சதும் இன்ஸ்பெக்டரு பேனாவைக் குடுத்தாரு. எழுதுடா, அச்சாபீஸுல எடுத்த தாளோட எழுத்து ஒத்துப்போவுதான்னு பாக்கணும்னாரு. எழுதத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வுட்டிருப்பாரு. நேரா எழுதுனவரைத் தேடிப் போயிருப்பாரு. மாட்டேன்னேன். நாலு நாளு கேட்டாரு. நாலு நாளும் மாட்டேன்னேன்."

வலது கையை மேஜைமேல் வைத்தார். இரண்டு விரல் நிமிராது. ஏதோ மிஷினில் மாட்டிய விரல் என்று நான் நினைத்திருந்தேன்.

"அப்புறம் இத்தனை வருஷமா ஏங்க சொல்லல?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"ஒரு தடவை மறைச்சாச்சு. அப்படியே இருந்துட்டேங்க."

யாரும் கை தட்டவில்லை. டிரில் மாஸ்டர் பிரம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தாத்தா தாளை மடித்தார். ஹெட்மாஸ்டரின் கண்ணாடியைத் துண்டால் துடைத்து அவரிடம் கொடுத்தார். படி இறங்கினார்.

வழியெல்லாம் நான் பத்தடி முன்னால் நடந்தேன். கூட நடக்க வெட்கம். பையன்கள் பின்னால், "எடிட்டரு, எடிட்டரு" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். தெருமுனையில் எனக்கு அழுகை வந்தது. திரும்பினேன்.

"எதுக்கு தாத்தா சொன்னே? ஒரே ஒரு அடி. வாங்கிட்டுப் போயிருப்பேன்."

"வலிக்கும் பாப்பா" என்றார்.

அந்த விரல்களை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நாலு நாள் என்று அவர் சொன்னதையும் கேட்டிருந்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஒரு அடிகூடத் தாங்கமாட்டாள் என்று நினைத்துவிட்டாரே என்றுதான் கோபம் வந்தது.