தரை தெரியும் தண்ணீர்

குளோரின் வாடை மூக்கில் ஏறியதுமே என் கால்விரல்கள் தாமாக மடங்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. ஐம்பது மீட்டர் நீச்சலில் மாநிலத் தங்கம் வாங்கிய ஒருத்தி இப்படி எழுதுவது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் பள்ளிக்காலம் முழுவதும் நான் தண்ணீருக்கு நடுங்கியவள், அதுவும் தரை தெரியும் சுத்தமான தண்ணீருக்கு மட்டும்.

நீச்சல் பழகியது அகரம் கிராமத்தில், என் தகப்பனாரின் அண்ணன் பெரியத்தா தோட்டத்துக் கிணற்றில். திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருந்த என் தகப்பனார், அத்தா, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் என்னை அங்கே கூட்டிப்போவார். கரும்பச்சைத் தண்ணீர், முழங்கைக்குக் கீழே கை தெரியாது. "இதுக்கு அடியே கெடையாதுடி" என்று பெரியத்தா மகள் ஜரீனா பயமுறுத்துவாள். எனக்கோ அது ஆறுதலாக இருந்தது. அடியே இல்லாத இடத்தில் எதன்மேல் போய் விழப்போகிறோம் என்று நினைத்தேனோ என்னவோ, மோட்டார் மேடையிலிருந்து தயங்காமல் குதிப்பேன்.

நகரத்து நீச்சல் குளத்தை முதலில் பார்த்தது ஏழாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள். ஜரீனா அது மே மாதம் என்கிறாள், தவறு. எனக்குப் புதுச் செருப்பு வாங்கியது அதே நாள், அதைப் போட்டுக்கொண்டுதான் ஏப்ரல் கடைசியில் மாமு நிக்காஹ்வுக்குப் போனேன்.

மேடையில் ஏறிக் குனிந்தேன். தண்ணீரே இல்லை. நீலக் கல் பதித்த தரை மட்டும், மொட்டை மாடியிலிருந்து தெரு தெரிவதுபோல, வெகு கீழே கிடந்தது. அதன்மேல் ஒரு கறுப்புக் கோடு. பாய்ந்தால் மண்டை அந்தக் கோட்டில்தான் மோதும் என்று உடம்பு முடிவு செய்துவிட்டது.

"கெணத்துல குதிச்சவ, தொட்டியப் பாத்து நடுங்குறா பாரு!" என்று ஜரீனா சிரித்தாள்.

"வெறும் தண்ணிதாம்மா. செத்த நேரம் நின்னுட்டுக் குதி, அவசரமில்ல" என்றார் அத்தா. அவருக்கு நீந்தத் தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன், மூடியபடியே நீந்தினேன். தடம் பிரிக்கும் கயிறு தோளில் உரசினால் விலகிக்கொண்டேன். மூச்சு வாங்கத் தலையைத் திருப்பினால் எங்கே கண் திறந்துவிடுமோ என்று, மூச்சையும் அடக்கிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் "மாஸ்டர்" என்று அழைத்த பயிற்சியாளர் கடிகாரத்தைத் திரும்பவும் பார்த்தார். "இம்புட்டு வேகமா எங்கம்மா ஓடுற? யாரு வெரட்டுனா?"

நீச்சல் கண்ணாடிக்குள் கண் மூடியிருப்பது யாருக்கும் தெரியவில்லை. அப்படித்தான் மாவட்டப் போட்டியை வென்றேன். மாநிலப் போட்டி ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் வந்தது. அதற்கு முந்தின நாள் பயிற்சியில் சுவர் இருக்கும் இடம் தெரியாமல் தலையால் முட்டினேன். புருவம் கிழிந்து தண்ணீர் சிவந்தது.

"ஏ புள்ள, கண்ண மூடிக்கிட்டா இத்தன நாளும் நீந்துன?" மாஸ்டர் கத்தினார். "நாளைக்குத் தொறந்துக்கிட்டுப் போறதா இருந்தா ஏறு. இல்லாட்டி பேர எடுத்துருவேன். மண்ட ஒடஞ்சா உங்கத்தாவுக்கு நாந்தான பதில் சொல்லணும்?"

அத்தா பக்கத்தில்தான் இருந்தார். துண்டால் என் புருவத்தை அழுத்திக்கொண்டே இருந்தார்.

மறுநாள் கண்ணைத் திறந்துகொண்டு பாய்ந்தேன். கறுப்புக் கோட்டின்மேல் என் நிழல், கைகளை விரித்தபடி எங்கோ விழுந்துகொண்டே இருக்கும் ஒரு பெண்ணைப்போல என்னோடு வந்தது. அவளிடமிருந்து தப்பித்து ஓடினேன். சுவரைத் தொட்டதும் விசும்பி அழுதேன். மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள், ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து யாரோ படம் எடுத்தார்கள்.

அதன்பின் பள்ளி முடியும் வரை யாரும் என்னை முந்தவில்லை. ஒவ்வொரு போட்டியிலும் அந்த நிழல்பெண் கூடவே வந்தாள். ஒவ்வொரு போட்டிநாள் காலையிலும் ஒரு வாய்ச் சோறு இறங்காது.

கல்லூரி இரண்டாம் ஆண்டில், சென்னையில், ஓர் இறுதிப் போட்டியின் நடுவே கீழே ஒரு நீலக் கல் பெயர்ந்திருப்பதைக் கவனித்தேன். கொஞ்சம் சிமென்ட் பூசியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே போனேன். சுவரைத் தொட்டு நிமிர்ந்தபோது மற்றவர்கள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் எதிலும் முதலாவதாக வரவில்லை.

இப்போதும் ஞாயிறு காலைகளில் குளத்துக்குப் போகிறேன். வென்ற போட்டி எந்த மாதம், எந்தக் கிழமை என்று கேட்டால் சொல்வேன். அந்தப் பயம் என்னை விட்டுப் போன நாளை மட்டும் சொல்லத் தெரியவில்லை. சென்னைக்கு முன்பே போயிருக்க வேண்டும்; அன்று காலை விடுதியில் நான் இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கித் தின்றேன்.