முழங்கைச் சிராய்ப்பு

என் கணவருக்குக் கண்ணாடி அறுக்கும் தொழில். ஜன்னல், அலமாரி, மேஜை என்று ஊரில் பாதி வீட்டுக் கண்ணாடி அவர் கைபட்டது. அவர் கையில் பிளாஸ்திரி இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. போன வருஷம் மூளையில் புற்றுநோய்க் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்து, ஆறு வாரம் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். எழுந்து உட்கார்ந்த மனுஷன் முதலில் கேட்டது கடைச் சாவியை. பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

துணைக்கு அவருடைய அக்கா கடைக்கு வந்து உட்கார்ந்தார். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி நல்லவர். அதுதான் என் வயிற்றெரிச்சலே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். இவருக்குத் தலைவலி என்றால் அன்றே அண்ணிக்குத் தெரியும், எனக்கு மறுநாள் தெரியும். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் நான்.

இந்த மாதம் அவருடைய இடது கால் வீங்கியது. காலில் ரத்தம் உறைந்திருப்பதாக ஸ்கேன் சொன்னது. டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தார்.

“உறைஞ்ச ரத்தம் நகர்ந்து நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. உறையாம இருக்க மருந்து கொடுத்தா அதைத் தடுக்கலாம். ஆனா தலையில கட்டி எடுத்த இடத்துல ரத்தம் கசியவும் வாய்ப்பிருக்கு. இவரை மாதிரி நிறைய பேருக்குக் கொடுத்திருக்கோம், பெரும்பாலும் தாங்கிக்கிறாங்க. இருந்தாலும் ஒவ்வொருத்தருக்கும் தனியா எடை போட்டுத்தான் முடிவு பண்ணணும். சமீபத்துல எங்கயாவது விழுந்தாரா?”

“இல்ல டாக்டர். எதுவா இருந்தாலும் எனக்குத் தெரியாம இருக்காது,” என்று முந்திக்கொண்டேன். அண்ணி காதுபட அதைச் சொல்ல எத்தனை நாள் காத்திருந்தேனோ.

“முழங்கையில என்ன கட்டு?”

“கண்ணாடி கிழிச்சது. எப்பவும் நடக்கறதுதான்,” என்றேன்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். கண்ணாடி கிழித்தால் கோடு போட்டது மாதிரி இருக்கும். இங்கே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிராய்ந்திருந்தது. கண்ணாடிக்காரர் பெண்டாட்டி என்ற மிதப்பில் நான் பிரித்தே பார்க்கவில்லை. என் கணவர் அண்ணியைப் பார்த்தார், அண்ணி தரையைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணி, சொல்லுங்க.”

“கடையில ரெண்டு தடவை விழுந்துட்டான். போன வாரம் தலையும் லேசா இடிச்சுது. கட்டு நான்தான் போட்டேன். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்.”

தலையை மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்தபோது கேட்டேன்.

“உங்க அக்காகிட்ட சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்ல வாய் வரலையா?”

“நான் நடக்கப் பழகினதே அவ கையைப் பிடிச்சுத்தான். அவ முன்னாடி விழுந்தா ஒண்ணும் தோணல. உன் முன்னாடி விழ வெக்கமா இருக்கு.”

வேறொருத்தி உருகியிருப்பாள். விழுவதற்குக்கூட அக்காதானா என்றுதான் எனக்குத் தோன்றியது.

நல்லவேளை, தலையில் கசிவு இல்லை. காலில் உறைந்ததை அப்படியே விடுவதுதான் பெரிய ஆபத்து என்று டாக்டர் மருந்தைத் தொடங்கினார். கண்ணாடியைத் தொடவே கூடாது, விழுந்தாலோ தலைவலி கூடினாலோ அந்த நிமிஷமே வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

நாலாம் நாள் காலையில் குளியலறை வாசலில் கால் மடங்கிச் சரிந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். தலை எங்கும் படவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டே, “அக்காகிட்ட சொல்லாத, பயந்துடுவா,” என்றார்.

அரை மணி நேரத்தில் அவரை டாக்டர் முன்னால் நிறுத்திவிட்டேன். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் சரிந்தார், எதில் இடித்தார் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். பார்த்துவிட்டு மருந்தைத் தொடரச் சொன்னார்.

அண்ணியிடம் சொல்ல மட்டும் எனக்கு இரண்டு நாள் பிடித்தது.